பதினாறு மாடுகளின் கண்களை மறைத்த விவரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம், நான் ஒருவனைத் தவிர. அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும், தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும், குறிப்பாக வருகிற கட்டுரைகளை வாங்கிச் சரிபார்க்கும் இடத்தில் இருப்பவர்களும், குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இருபத்தாறு வருஷமாக வாடா போடா என்று கூப்பிட்டவன் இன்று தாங்கள் என்கிறானே, என்ன காரியமாக இருக்கும் என்று தாங்கள் யோசிப்பது இங்கிருந்தே தெரிகிறது. காரியம்தான். முதலில் ஒரு மன்னிப்பு. கால்நடை மருத்துவ ஆய்விதழில் தாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதை யார் படிக்கிறார்கள், மாடே சந்தா கட்டுகிறதா என்று பத்துப் பேர் நடுவில் நான் கேட்டது தவறு. அதையே பார்க்கிற போதெல்லாம் கேட்டது அதைவிடத் தவறு. அது உலகத்துக்கே தேவையான இதழ், அதில் தாங்கள் பார்ப்பது பொறுப்பான வேலை என்று மனப்பூர்வமாகச் சொல்கிறேன். தங்கள் அக்காவிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவள் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். தங்கள் அக்கா மகள், அதாவது என் பெண், மாடுகளுக்குக் கண்ணில் வெள்ளை படர்கிற நோயைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாள். இரண்டு வருஷ உழைப்பு. சனிக்கிழமை என்றால் மற்றவர்கள் தூங்குவார்கள், இவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, டார்ச் லைட்டும் நோட்டுப் புத்தகமுமாக ஒவ்வொரு தொழுவமாகக் கிளம்பிவிடுவாள். பதினாறு மாடு. வாரா வாரம் ஒவ்வொன்றின் கண்ணையும் பார்த்து, வெள்ளை எவ்வளவு தூரம் படர்ந்தது, மருந்து போட்ட பிறகு எவ்வளவு பின்வாங்கியது என்று அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை ஒரு மாடு அவள் காலில் ஏறி நின்றுவிட்டது. இன்றைக்காவது கண்ணைச் சரியாகத் திறந்து காட்டுகிறதே என்று அப்படியே நின்று பார்த்து முடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவள். அவள் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனையில் கண் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்கள். அதில் ஒரே ஒரு இடம். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. கட்டுரை தங்கள் இதழின் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் கையில் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். இல்லாவிட்டால் அந்த இடம் போனது போனதுதான், இனி எப்போது வருமோ.

கட்டுரையை அனுப்பக் கடைசி நாள், மாலை ஐந்து மணி. அன்றைக்குப் பார்த்து எங்கேயோ ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று மத்தியானம் போன் வந்துவிட்டது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், எல்லாம் முடிந்துவிட்டது, என் பெயர், ஆஸ்பத்திரி பெயர் இருக்கிற இடத்தை மட்டும் நீக்கிவிட்டு ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டேன். நான் யார் என்பது தங்களுக்குத் தெரியும். நீதிமன்றத்துப் பதிவறையில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்தவன். வெளியே தெரியக் கூடாத சாட்சிகளின் பெயரை அடித்து, படத்தில் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை ஒட்டி, கோப்பை வெளியே அனுப்புவது என் பொறுப்பு. ஒரு சாட்சியைக்கூட யாரும் அடையாளம் கண்டதில்லை. அப்பேர்ப்பட்டவனிடம் தங்கள் இதழின் விதிமுறை கிடைத்தது. கட்டுரை பதினாலு பக்கம், அதை எப்படி அனுப்ப வேண்டும் என்ற விதிமுறை பத்தொன்பது பக்கம். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிறைவான ஒன்றை நான் படித்ததே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எண் போடச் சொல்லியிருந்தீர்கள், ஆகா என்றிருந்தது. கட்டுரையைப் படித்துப் பார்ப்பவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்று இருந்தது, அதுவும் நியாயம்தான். அதற்கடுத்த வரிதான் என்னைக் கவிழ்த்தது. "படங்களிலும் அடையாளம் காட்டும் எதுவும் இருக்கலாகாது."

படங்களைத் திறந்தேன். பதினாறு மாடும் என்னை நேருக்கு நேர் பார்த்தன. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளதை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பால்காரர் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவார்கள். பால்காரர் தெரிந்தால் அவர் மாட்டுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தெரிந்துவிடும். விடலாமா? உட்கார்ந்து பதினாறுக்கும் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டேன். கொம்பில் படாமல், காதில் படாமல், ஒரே அளவாக. கட்டுரையின் கடைசியில் மேற்கோள் காட்டியிருந்த அறுபத்தொரு அறிஞர்களின் பெயரையும் அ, ஆ, இ என்று மாற்ற ஆரம்பித்தேன். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தீர்ந்த பிறகும் பாதிப் பேர் மிச்சம் இருந்ததால், அதை மட்டும் பழையபடி விட்டுவிட்டேன். நாலே முக்காலுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு, அவள் வந்து பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

ஏழு மணிக்கு வந்தாள். தாயும் கன்றும் பிழைத்துவிட்டன என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அவள் எழுதியிருந்த குறிப்பு அப்படியே இருந்தது: இடது கண்ணின் நடுவில் உள்ள வெண்மையைக் கவனிக்கவும். பதினாறையும் பார்த்து முடித்த பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பா, இது கண் நோயைப் பத்தின கட்டுரைப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே தங்கள் ஆசிரியருக்கு மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பிய அடுத்த விநாடி பதில் வந்தது: தங்கள் மடல் கிடைத்தது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பன்னிரண்டு வாரங்களுக்குள் தொடர்புகொள்வோம். இவ்வளவு சுறுசுறுப்பான ஒரு மனிதரை என் சர்வீஸில் கண்டதில்லை. நன்றி சொல்லி எழுதினேன், அதற்கும் உடனே நன்றி வந்தது. பன்னிரண்டு வாரம் தாங்காது ஐயா, பெண் பிள்ளையின் எதிர்காலம் என்று எழுதினேன். அதற்கும் ஆர்வத்துக்கு நன்றி. ஐந்தாவது கடிதத்தில், நீங்கள் சாப்பிடவாவது எழுந்து போகிறீர்களா என்று கேட்டேன். ஏழாவதில் என் ரத்தக் கொதிப்பைப் பற்றி இரண்டு பத்தி. அப்போதுதான் பின்னால் வந்து எட்டிப் பார்த்த தங்கள் அக்கா, அது மனுஷன் இல்லை, மெஷின் என்று சொன்னாள். அன்றிலிருந்து நான் வாயே திறப்பதில்லை. டீயில் சர்க்கரை இல்லாவிட்டாலும் குடித்துவிடுகிறேன். துணி மடிக்கிறேன். பாத்திரம் அடுக்குகிறேன். அடுக்குகிற முறையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை.

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வேறு வழி தெரியாமல்தான் உன் காலில், மன்னிக்கவும், தங்கள் காலில் விழுகிறேன். அந்தக் கட்டுரை அங்கே குவியலில் எங்கேயாவது கிடக்கும். பெரிய ஆட்கள் கண்ணில் படுமுன் அதை எடுத்துவிட்டு, இத்துடன் வைத்திருக்கும் நல்ல பிரதியை அந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும். இது முறையில்லை என்று எனக்குத் தெரியாதா? முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவியவன் இல்லை நான். உருவச் சொல்லிக் கேட்டவர்களை, மேலதிகாரி உட்பட, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவன். அந்த ஆள்தான் இப்போது கேட்கிறேன். அவள் என்ன தப்புப் பண்ணினாள்? அப்பனை நம்பியது ஒன்றுதானே.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, தகப்பனின் உதவி இல்லாமலே முன்னுக்கு வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் தயவை நாடும்,
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: டேய். மேலே தாங்கள் என்று வருகிற இடத்திலெல்லாம் நீ என்று திருத்திப் படித்துக்கொள். கேட்ட மன்னிப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கவரில் உன் முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், உன் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இரண்டாம் நாளே கட்டுரையை அவளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாயாமே. படங்களைச் சரிசெய்து பதினைந்து நாளுக்குள் அனுப்பலாம், முதலில் வந்த தேதியே செல்லும், அதுவும் விதிமுறையில் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறதாம். பெயர்களை நான் அவ்வளவு சுத்தமாக நீக்கியிருந்ததால் யாருடைய கட்டுரை என்றே உனக்குத் தெரியவில்லை என்றும், கட்டுரையோடு நான் எழுதி வைத்த கடிதத்தில் "மேற்படி கட்டுரை பணிந்து சமர்ப்பிக்கலாகிறது" என்ற கோர்ட்டு வரியைப் பார்த்துத்தான் நான் என்று கண்டுபிடித்தாய் என்றும், உடனே உன் அக்காவுக்குப் போன் போட்டு இரண்டு பேரும் அரை மணி நேரம் சிரித்தீர்கள் என்றும் இப்போது தெரிந்தது. பதினாறு மாட்டையும் பிரிண்ட் எடுத்து உன் சீட்டுக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கிறாயாம். இருக்கட்டும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன் அக்காவைக் கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்த பத்து நாளும் வீடு வீடாக இருந்தது என்கிறாள்.

பெண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் நிஜமாகவே கோபமாக இருந்தது, அழக்கூட அழுதேன் என்று சொன்னாள். அவள் அழுத விஷயம் எனக்குத் தெரியாது. பட்டை இல்லாத படங்களை எல்லாம் போட்டு, கட்டுரையை மறுபடி தயாராக வைத்திருந்தாள். நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டு, "நீங்களே அழுத்துங்கப்பா" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் விடவில்லை. உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்தேன். ஒன்பதாவது படம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் அழுத்திவிட்டேன். உன் கைக்கு வந்ததும் நிமிர்த்திவிடு, அவளிடம் சொல்ல வேண்டாம்.