இழுவை அண்ணனின் டிராக்டர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கெடாவில் அவனுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. எங்கள் இழுவை அண்ணனும் பயந்தார்தான். ஆனால் தன் டிராக்டரை யாராவது குறைத்துப் பேசிவிடுவார்களோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தார்.

எங்கள் தோட்டம் கோலா கெத்திலுக்குப் பக்கம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது விட்டுச்சென்ற சின்ன டிராக்டர் அது. பெட்ரோல் இல்லாததால் ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் ஓடும். அது போன வழியில் நாற்றம் அரை நாள் நிற்கும். எதைப் பார்த்தாலும் அண்ணன், "இது எவ்வளவு இழுக்கும்?" என்பார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் கேட்டாராம்.

குதிரைசக்தி என்று யாராவது பேச்செடுத்தால் தொலைந்தோம்.

"குதிரைசக்தி இருந்தா சீக்கிரம் போகலாம் தம்பி. சேத்துல மாட்டினா சக்கரத்தைத் திருப்புற முறுக்குதான்லா வேணும்."

மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் வாழ்ந்த எங்களுக்கு இது எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஒரு மழை நாளில் ஜப்பான் ராணுவ லாரி ஒன்று ஆற்றோரச் சேற்றில் அச்சுவரை புதைந்தது. டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தொழில் தெரிந்தவன் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இழுக்க முடியலன்னு சொல்லிட்டு வந்துடுங்க. நல்லா இருப்பீங்க."

அண்ணன் தலையாட்டினார். நாங்களும் நம்பினோம்.

ஆற்றங்கரையில் ஜப்பான் அதிகாரி டிராக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அண்ணனின் முகம் மாறியது. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஆள் அனுப்பி, வீட்டுக்கு வீடு அம்மிக்கல்லை எடுத்துவரச் சொன்னார். அரைக்க மிளகாய் இல்லாமல் சும்மா கிடந்த கற்கள். இழுக்கும்போது வண்டி மூக்கைத் தூக்காமலிருக்கப் பாதியை முன்னால் கட்டினார். சக்கரம் வழுக்காமலிருக்க மீதியைப் பின்னால் ஏற்றினார். அதிகாரி வேகம், வேகம் என்று கத்தினான். அண்ணனோ சின்ன கியரில் போட்டு, இன்ஜினை அடக்கி, வண்டியை ஊர விட்டார். சங்கிலி விறைத்தது. ஆட்டங்கண்ட பல்லைப் போல லாரி வெளியே வந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. அண்ணி அழத் தொடங்கினார்.

அதிகாரி அண்ணனின் தோளைத் தட்டினான். சயாமுக்கு இப்படி ஓர் ஆளும் வண்டியும்தான் வேண்டுமாம். சுங்கை பட்டாணியில் ரயிலேற்ற, டிராக்டரை லாரிக்குப் பின்னாலேயே ஓட்டி வரச் சொன்னான்.

அண்ணன் கிளம்பினார். நாங்கள் கூடவே நடந்தோம். சிறிது தூரத்தில் நாங்கள் முந்திவிட்டோம். அப்புறம் ஒரு கோழி முந்தியது. லாரி போவதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அதிகாரி தலையை நீட்டிப் பார்த்தான். அண்ணன் வேகத்தைக் கூட்டக் கூட்டப் புகைதான் வந்தது. கடைசியில் அவன் மழையில் இறங்கி வந்தான்.

"லம்பாட்," என்றான், மலாயில். மெதுவு. திரும்பிப் போ என்று கையை வீசினான். லாரி போய்விட்டது.

அண்ணி நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மட்டும் உறுமினார். "லம்பாடாம்ல. அந்த லம்பாட்தானே அவன் லாரியை வெளிய எடுத்துச்சு?"

அதன் பிறகு வெகு நாள் அவர் டிராக்டர் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கோபத்தைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் அந்த வழியாகப் போவேன்.