ஒன்பது வளைவு

மூன்றாம் நாள் காலையும் வசிஸ்தோ கனவு எதுவும் காணாமல்தான் எழுந்தான். தலையணைக்கு அடியில் மஞ்சள் துணி சுற்றிய கிரிஸ் என்ற குறுவாள் வைத்த இடத்திலேயே கிடந்தது. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பெண் வீட்டுக் கிரிஸை முதுகுப்பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டுதான் மாப்பிள்ளை மணமேடை ஏற வேண்டும். அதற்கு முன் கிரிஸுக்கு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் அதில் குடியிருக்கும் ஆவி ஆள் உருவில் கனவில் வந்து சொல்லும். அதுவரை உறையிலிருந்து உருவக் கூடாது.

பிடிக்கவில்லையென்றால் கல்யாணம் தள்ளிப்போகும். இருபது நாளில் சுரோ மாதம் பிறக்கிறது. சுரோவில் ஜாவாவின் சோலோ ஊரில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிறந்த கிழமை பொருந்தவில்லை என்று வசிஸ்தோவும் வுரியானியும் ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்தாயிற்று. இன்னொரு முறை காத்திருக்க வசிஸ்தோவுக்குத் தெம்பில்லை.

வருங்கால மாமனார் பாக் தர்மோகோ வாசலில் காத்திருந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பச்சையா சிவப்பா என்று தெரியாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்.

"வந்தாரா?"

"வந்தார், பாக். வெள்ளை உடுப்புல ஒரு பெரியவர்."

கணக்கு வாத்தியாரான வசிஸ்தோ வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய் அது. இதோடு முடிந்தது என்று நினைத்தான். பெரியவர் என்ன கேட்டார் என்றார் மாமனார். ஒன்றும் கேட்கவில்லை என்றான். மாமனாருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒன்றுமே கேட்காமல் போனால் கோபம் என்று அர்த்தமாம்.

அவசரமாக, சர்க்கரை போடாத காப்பி கேட்டார் என்று திருத்தினான். அன்றிலிருந்து தினமும் ஒரு கோப்பைக் கடுங்காப்பி கிரிஸுக்கு முன்னால் வைத்து, ஆறியபின் மாப்பிள்ளை குடிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. வசிஸ்தோவுக்குக் காப்பி என்றாலே வயிற்றைப் பிரட்டும்.

மறுநாள் கேள்வி, பெரியவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பது. கிழக்கு என்று சொல்லிவைத்தான். யாருக்கும் தொந்தரவில்லாத திசை என்று நினைத்தான். மேற்கே பார்த்துப் போட்டிருந்த பந்தலை மாமனார் அன்றைக்கே பிரிக்கச் சொன்னார். கிழக்கே இடம் இருந்தது பக்கத்து வீட்டு வாத்துப் பட்டியில்தான்.

வுரியானி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மாஸ், கனவு காணறதுதான் காணறீங்க, கொஞ்சம் வீட்டு அளவு பார்த்துக் காணக்கூடாதா? என் சேலை வாத்துச் சேத்துல இழுபடணுமா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். 

இத்தனைக்கும் நடுவில் அவனுக்கு ஒரு குறுகுறுப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது? சில கிரிஸ் நேராக இருக்கும், சில பாம்பு மாதிரி நெளியும். எதுவானாலும் உறை நேராகத்தான் இருக்கும். எடை போட்டுப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், காதில் வைத்தும் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் முக்கோணம் வரையப் போய்க் கத்தி வரைந்துவிட்டு வந்தான்.

மாமனாரிடமே கேட்டுப் பார்த்தான். உருவிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. வருஷா வருஷம் சுரோவில் அவர் மனைவி இபு லஸ்மிதான் கொல்லையில் எலுமிச்சைச் சாறு விட்டு அதைக் கழுவுவாள். அவளுடைய அப்பா கொடுத்த கிரிஸ் அது. கழுவி முடிக்கும்வரை இவர் வாசலில் சாம்பிராணி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

ஏழாம் நாள் கடைசிக் கேள்வி வந்தது. பாக் தர்மோகோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கத்திக்கு எத்தனை வளைவு? பெரியவர் காட்டியிருப்பாரே."

வளைவு என்றால் ஒற்றைப்படையில்தான் வரும். அதுவரைக்கும் கணக்கு உதவியது. மூன்று என்றால் அற்பமாகத் தெரியும், பதின்மூன்று என்றால் பேராசையாகத் தெரியும். மாமனார் முகத்தைப் பார்த்தபடியே மெல்ல, "ஒம்பது" என்றான்.

மாமனார் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் ஒம்பதுதான்டா. முப்பது வருஷம் முன்னாடி, என் மாமனார் கேட்டப்போ நானும் இதையேதான் சொன்னேன்."

 ஒருவேளை உண்மையிலேயே கனவு வந்து, தான்தான் மறந்துவிட்டோமோ என்று வசிஸ்தோவுக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பெரியவர் மேல் பக்தியே வந்துவிட்டது.

அப்போதுதான் வுரியானி வந்தாள். சேலையில் முட்டிவரை சேறு.

"அந்த ஒம்பதை நானும் எண்ணிப் பார்க்கணும். அதை உருவுங்க. சரியா இருந்தா வாத்துப் பட்டியிலேயே கல்யாணம் பண்ணிக்கறேன். ஒண்ணு குறைஞ்சாலும் பந்தல் பழைய இடத்துக்குப் போகணும்."

வசிஸ்தோ கிரிஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். இன்று நாள் நன்றாக இல்லை என்றான். ஆச்சரியம், மாமனாரும் அதையே சொன்னார். நாளைக்கும் நன்றாக இல்லை என்றார் மாமனார். இந்த வருஷமே அவ்வளவாகச் சரியில்லை என்றான் மாப்பிள்ளை. இருவரும் மஞ்சள் துணியை ஆளுக்கொரு பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வுரியானி நடுவில் பிடித்து இழுத்தாள்.

சமையலறை வாசலில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த இபு லஸ்மி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஏழு நாளாக இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"விடுடி, பாவம் ரெண்டு பேரும். முப்பது வருஷமா நான்தானே கழுவறேன், அது ஒரு வளைவும் இல்லாத நேர் கத்தி. அது தெரிஞ்சே, சிரிப்பை அடக்கிக்கிட்டுதான் எங்கப்பா உங்கப்பாவுக்கு என்னைக் குடுத்தார்."