தலை உருண்ட நத்தார்

என் தலை ஒருமுறை மேடையில் கழன்று விழுந்து உருண்டோடியிருக்கிறது. பட்டப்பகலில், கியூபெக்கின் புவாண்ட்-கிளேர் ஊரில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால், கழுத்தில் மிச்சமிருந்த சொந்தத் தலையும் கூடவே போயிருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைகளில் பாலே வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் பரத வகுப்பு. பரதம் அம்மாவின் ஆசை, பாலே என்னுடைய ஆசை. (ஞாயிற்றுக்கிழமையாவது தன்னை ஒருவரும் கார் ஓட்டச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் ஆசை. அதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.)

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பாலே ஆசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தை மாதத்திலிருந்து எங்கள் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் பரத வகுப்பு நேரத்துக்கே, மாறுகிறதாம். அவரை நாங்கள் மடாம் என்றுதான் கூப்பிடுவோம். வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

"இதில என்ன யோசனை? பாலேயை விடு" என்றார் அம்மா.

நான் சோபாவில் குப்புறப் படுத்து அழுதேன். பள்ளிக்கூடத்தால் வந்து அழுதேன், சாப்பிட முதல் அழுதேன். ஒருநாள் கொத்துரொட்டியையும் வேண்டாமென்று தள்ளிவிட்டேன். அதோடுதான் விஷயம் பாரதூரமானது என்று வீட்டுக்கு விளங்கியது. பாலே எனக்கு உயிர். சத்தமே இல்லாமல் தரையிலிருந்து எழும்பி, சத்தமே இல்லாமல் இறங்குகிற அந்த ஒரு கணத்துக்காக நான் எதையும் கொடுப்பேன். அதை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு அப்போது தமிழும் போதாது, பிரெஞ்சும் போதாது.

"சரி, மூக்கைத் துடை" என்றார் அம்மா கடைசியில். "நத்தாருக்கு ஆடுறாய்தானே? எல்லாரும் வந்து பாக்கிறம். அதில என்ன கிடக்கெண்டு பாத்திட்டுச் சொல்லுறன்."

ஆக, என் எதிர்காலம் முழுக்க அந்த ஒரு கிறிஸ்மஸ் நாட்டியத்தில் தொங்கியது. நான் ஆடப்போகும் பாத்திரமோ, கலைமான்.

பனியாக ஆடத்தான் ஆசைப்பட்டேன். பனிகளுக்கு வெள்ளைப் பாவாடை, கொண்டையில் மினுங்கல். எனக்குக் கிடைத்தது மண்ணிற உடுப்பும், கொம்பு வைத்த பெரிய பஞ்சுத் தலையும். மடாம் தானே எழுதிய நத்தார்க் கதை அது. நத்தார் தாத்தாவின் வண்டியை மான்கள் இழுத்துவர வேண்டும். எல்லா மான்களையும் ஒரு சிவப்பு நாடாவால் கோர்த்திருந்தார்கள். நான் முன் மான். வண்டியில் நிற்கும் நத்தார் தாத்தா, மடாமின் கணவர். நல்ல பாரமான மனிதர்.

"நீ நின்றால் எல்லாமே நின்றுவிடும், ஞாபகம் வைத்துக்கொள்" என்று மடாம் ஒவ்வொரு ஒத்திகையிலும் எனக்குச் சொன்னார். நான் பெருமையோடு கொம்பை ஆட்டினேன்.

"அப்ப உன்ர முகம் தெரியாதே?" என்று அம்மா கேட்டார்.

"தெரியாது."

"பேந்து நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?"

கேட்டுக்கொண்டே எனக்கு முழு அலங்காரமும் செய்து, கண்ணூறு படாமலிருக்கக் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டும் வைத்தார். பஞ்சுத் தலைக்குள்ளே இருக்கும் முகத்துக்கு எந்தப் பாவி கண்ணூறு வைப்பான்? கேட்டால் அடி விழும். கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் ஒரு வரிசையை முழுதாகப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பட்டுச் சேலைகள், கீழே பனிச் சப்பாத்துகள், கைப்பைகளுக்குள் மட்டன் ரோல்ஸ். அம்மாவின் தம்பி ரவி மாமா வீடியோக் கமராவோடு நின்றார். அந்த வீடியோ இன்றும் எங்களிடம் இருக்கிறது. அதில் முதலில் கேட்பது மாமாவின் குரல்தான்.

"அக்கா, மாடெல்லாம் வரிசையா நிக்குது. இதில எங்கட மாடு எது?"

"மாடில்லையடா, மான். அந்தக் கடைசியில நிக்கிறதுபோல கிடக்கு. அதை எடு."

மாமா கடைசி மானை ஆசையோடு எடுத்திருக்கிறார். அது யார் பெற்ற பிள்ளையோ தெரியாது.

இனி நடந்ததைச் சொல்ல முதல் ஒரு விஷயம். பரதத்தில் ஆடத் தொடங்க முன்னர், குந்தி, நிலத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிட வேண்டும். உன்மேல் மிதிக்கப் போகிறேன், மன்னித்துக்கொள் என்று பூமியிடம் கேட்பது. ஐந்து வயதிலிருந்து நான் ஏறிய மேடை எல்லாம் பரத மேடை. ஒத்திகைகளை வகுப்பறையில் செய்ததால் ஒரு சிக்கலும் வரவில்லை. அன்றைக்குத்தான், திரை விலகி, முகத்தில் வெளிச்சம் அடித்து, காலடியில் மேடைப் பலகை பட்டது.

உடம்பு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் மான் நடு மேடையில் நின்றது. குந்தியது. குனிந்து நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டது.

தலை கழன்று விழுந்து, கொம்பு டக் டக்கென்று அடிபட உருண்டது.

எனக்குப் பின்னால் வந்த குட்டி மானுக்கு ஒரு அசைவும் ஞாபகம் நிற்காது, என்னைப் பார்த்தே ஆடும். அதுவும் பக்தியோடு குந்தியது. மற்ற மான்கள் எங்கள்மேல் வந்து ஏறின. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிய இரண்டு தகப்பன்மாருக்கும் முன்னால் நடப்பது தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். சனத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்த நத்தார் தாத்தா அப்படியே கவிழ்ந்து பஞ்சுப் பனிக்குள் விழுந்தார். அவருடைய தாடி ஒரு கொம்பில் தொங்கியது.

அப்போது அம்மாவின் குரல் எழுந்தது.

"அங்க பாருங்கோ! அதுதான் எங்கட பிள்ளை! டேய் ரவி, கமராவைத் திருப்படா!"

எங்கள் வரிசை முழுக்க எழும்பிக் கைதட்டியது. இதுவும் கதையில் உள்ளதுதான் போல என்று மற்றவர்களும் தட்டினார்கள். நான் மானத்தைக் காப்பாற்ற நினைத்து ஓடிப்போய்த் தலையை எடுத்து மாட்டினேன். முன்பக்கம் பின்னால் வர மாட்டிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே மிச்ச ஆட்டத்தை ஆடி, மான்களையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு பின்திரைக்குள் புகுந்தேன்.

உள்ளே மடாம், தன் கணவரின் தாடியைக் கொம்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். "அது என்ன அசைவு?" என்றார். விக்கி விக்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இனிமேல் திரைக்குப் பின்னால் நின்று செய்" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது காரில், மிஞ்சியிருந்த மட்டன் ரோல்ஸையும் வேண்டாமென்று தள்ளிவிட்டேன்.

"விடச் சொல்லப் போறீங்கள், அவ்வளவுதானே? சொல்லுங்கோவன்" என்று வெடித்து அழுதேன்.

முன் இருக்கையிலிருந்து அம்மா திரும்பினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

"ஏன் விடுறது? பாலேயெண்டு போனால் எங்கட ஒண்டும் உனக்கு மிஞ்சாது எண்டு எனக்குப் பயம், பிள்ளை. அதுதான் மறிச்சனான். நீ தலை போனாலும் கும்பிட மறக்கேல்லையே. ஆடு. எங்க வேணுமெண்டாலும் போய் ஆடு."

"அப்ப பரதத்தைச் சனிக்கு மாத்தினாலும், ஞாயிறும் கார் ஓடத்தான் வேணும்" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஒரு கட்டுப் பாவாடை நாடாவோடு வகுப்புக்கு வந்து, எல்லா மான் தலைகளுக்கும் நாடிக்குக் கீழே கட்டும்படி தைத்துக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் இன்னும் மான்கள் பாவாடை நாடாவோடுதான் ஆடுகின்றன.

நான் இப்போது ஒரு நடனக் குழுவில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். மார்கழி வந்தால் பகலும் மாலையும் காட்சிதான். ஒருவழியாகப் பனியாகவும் ஆடிவிட்டேன். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னர், திரைக்குப் பின்னால் நிலத்தைத் தொட்டுக் கும்பிடுவேன். அதற்குள் போனில் அம்மாவின் செய்தி வந்திருக்கும்: "தலை இருக்கோ?" நான் "ஓம்" என்று அனுப்ப வேண்டும்.

போன நத்தாருக்கு அவசரத்தில் பதில் போட மறந்துபோனேன். திரை விலக இன்னும் கொஞ்ச நேரம். மேடை வாசல் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆறடிக் கியூபெக் மனிதர். கையில் வாசல் தொலைபேசி. முகம் வெளிறியிருந்தது.

"உன் அம்மா. ஏதோ அவசரம். உன் தலை இருக்கிறதா என்று கேட்கிறார்."

சொல்லிவிட்டு என் தலையை மேலும் கீழும் கவனமாகப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் பணிவாகச் சொன்னார்:

"இருக்கிறது, மடாம்."