பலூன் எந்தப் பக்கம் போனது?

உலகத்தில் பேருந்து விடுகிற நிர்வாகங்கள் ஆயிரம் இருக்கலாம். ஓடுகிற பேருந்துக்குள் மிதக்கிற பொருள் எந்தப் பக்கம் போகும் என்ற மாபெரும் கேள்விக்கு விடை கண்ட நிர்வாகம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை நம்முடையது. அதில் கண்டக்டருக்கும் ஒரு பங்கு உண்டு, அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை என்றாலும்.

அவர் ஏழாம் எண் வண்டியின் கண்டக்டர். அதே வண்டியின் டிரைவர் அவருடைய அக்கா கணவர். வீட்டில் மச்சான், மாப்ள, வண்டியிலும் அப்படியே. விசில் ஊதுவதற்குப் பதில் "போலாம் மச்சான்" என்று குரல் கொடுத்துப் பழகியதால், பயணிகள் பலரும் டிரைவரை மச்சான் என்றே கூப்பிட்டார்கள். அவரும் எல்லார் வீட்டிலும் பெண் எடுத்தவரைப்போலப் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார்.

வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. பிரேக்கை முதல் தடவை மிதித்தால் ஒன்றும் நடக்காது. இரண்டாம் தடவை மிதித்தால் யோசிக்கும். மூன்றாம் மிதியில் வெடுக்கென்று கவ்வும். நின்றுகொண்டிருப்பவர்கள் மொத்தமாக முன்னால் போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். இரண்டு கல்யாணங்கள் இப்படி நிச்சயமானதாகக் கண்டக்டர் சொல்வார். ஒன்று பொய்.

பிரேக்கை மாற்றித் தரும்படி டிரைவர் பணிமனையில் கேட்டுக்கொண்டே இருந்தார். சாமான் இல்லை என்று அவர்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பயணிகள் முணுமுணுக்கத் தொடங்கவே, கிளை மேலாளர் ஒருநாள் 'நேரடி ஆய்வு'க்காகத் தாமே வண்டியில் ஏறினார்.

அன்று ஏதோ ஒரு குழந்தை கைநழுவ விட்ட கேஸ் பலூன் ஒன்று, நூல் தொங்க, வண்டியின் கூரையை ஒட்டி நின்றிருந்தது. சந்தைச் சரிவில் மூன்றாம் மிதி பிடித்தது. மேலாளர் பறந்துபோய் யாருடைய தக்காளிக் கூடையிலோ அமர்ந்தார். அமர்ந்தபடி அண்ணாந்தவர் எழுந்திருக்க மறந்துவிட்டார். மனிதர்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து கிடக்க, பலூன் மட்டும் நிதானமாகப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியாய்யா?" என்றார்.

"பாத்தேன் சார். பிரேக் எப்பவும் இப்படித்தான் பிடிக்குது," என்றார் டிரைவர்.

"பிரேக்க விடுய்யா. பலூனப் பாரு."

மகத்தான சிந்தனைகள் இப்படித்தான், தக்காளிமேல் உட்கார்ந்திருக்கும்போது பிறக்கின்றன. மறுநாளே 'மிதவை ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. டிக்கெட் எடுக்காத பொருள் எந்த விதிக்கும் கட்டுப்படாது என்றார் கணக்கு அலுவலர். எல்லாரும் முன்னேறும்போது பின்வாங்குவதால் பலூன் நிர்வாகத்தின் ஆள்தான் என்றார் தொழிற்சங்கச் செயலாளர். பண்டகசாலை அதிகாரி, அது பயந்துபோய் ஓடியிருக்கும் என்று கருதினார். கடைசியில் மேலாளரின் மருமகன் வரவழைக்கப்பட்டார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். வண்டி நின்றாலும் உள்ளே இருக்கும் காற்று நிற்பதில்லை, அது முன்பக்கம் போய் நெருக்குகிறது, காற்றைவிட லேசான பலூனைப் பின்னால் தள்ளிவிடுகிறது என்று அவர் விளக்கினார். முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலைப் படுக்கவைத்து மேசைமேல் தள்ளி நிறுத்தினார். தண்ணீர் முன்னால் பாய, உள்ளே இருந்த காற்றுக்குமிழி பின்னால் போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதில் யாரும் குறை காண முடியாது.

வாசலில் நின்றிருந்த டிரைவர், விடைதான் தெரிந்துவிட்டதே, இனி பிரேக்கை மாற்றலாமா என்று கேட்டார்.

மேலாளர் அவர் தோளில் கைவைத்தார். "அது இப்ப ஆய்வு வண்டிய்யா. பிரேக்க மாத்திட்டா பலூன் இவ்வளவு அழகாப் பின்னாடி போகாது. முடிவு தெரியுற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

"முடிவு எப்ப சார் தெரியும்?"

"அறிவியல அவசரப்படுத்தக் கூடாது."

அதன்பிறகு தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் ஒரு புதுப் பலூன் வந்து சேர்ந்தது. பிரேக் சாமான் இல்லாத அதே பண்டகசாலையிலிருந்துதான் வந்தது. ஒருநாளும் தவறவில்லை. 'எடையுள்ளவர்கள் முன்னால் விழுவது இயற்கை. நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வண்டிக்குள் எழுதி வைத்தார்கள். வேறு கிளைகளின் அதிகாரிகள் வந்து, காலி இருக்கைகள் இருந்தும் நின்றுகொண்டு பயணம் செய்தார்கள். விழுந்து எழுந்து பரவசமாக இறங்கிப் போனார்கள்.

வீட்டில் அக்காவுக்கு இந்தப் பெருமை எதுவும் ஏறவில்லை. "பலூன தினம் மாத்துறாங்க, பிரேக்க மாத்த மாட்டாங்களா? நீங்க ரெண்டு பேரும் அந்தப் பலூன்கிட்டயாவது சொல்லிப் பாருங்க," என்றார் சோறு போட்டபடி.

"சொன்னேன். பின்னாடி போயிடுச்சு," என்றார் டிரைவர்.

கண்டக்டருக்குப் புரையேறிவிட்டது. அக்கா தலையில் தட்டினார், தம்பிக்கு மெதுவாக, கணவருக்குக் கொஞ்சம் பலமாக.

கை கழுவும் இடத்தில் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். "வண்டிய எடுக்க மாட்டேன்னு சொல்லிடு மச்சான்."

"நான் எடுக்கலன்னா வேற ஒருத்தன எடுக்கச் சொல்வாங்க மாப்ள. அவனுக்கு அந்த மூணு மிதி பழக்கமில்ல."

சில வாரங்கள் கழித்துச் சந்தைச் சரிவில் மூன்றாம் மிதியும் பிடிக்கவில்லை. நான்காவதும் பிடிக்கவில்லை. கீழே நிறுத்தத்தில் கூட்டம் நின்றிருந்தது. டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பி, தான் உட்கார்ந்திருந்த பக்கம் இடிக்கும்படி கிடங்குச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். பயணிகளுக்குச் சிராய்ப்பு. கண்டக்டருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மச்சான் அந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

நிர்வாகம் மிகுந்த கண்ணியத்தோடு நடந்துகொண்டது. ஆள் உயர மாலை வந்தது. பிறகு விசாரணைக்காகக் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். கையைத் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்டிருந்தவருக்கு நாற்காலி போட்டார்கள், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் அதையெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை.

மேலாளர் மட்டும் முன்னால் சாய்ந்தார். "நிதானமா யோசிச்சுச் சொல்லுப்பா. இவ்வளவு வேகத்துல போய் நின்னது இதுதான் முதல் தடவ. அப்ப பலூன் எந்தப் பக்கம் போச்சு?"

"பாக்கல சார். நான் மச்சானப் பாத்துக்கிட்டிருந்தேன்."

குழு முழுவதும் பெருமூச்சு விட்டது. மேலாளர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "இனி இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்குமாய்யா?"

"கிடைக்கும் சார்," என்றார் கண்டக்டர். "பன்னிரண்டாம் நம்பருக்கும் பிரேக் இல்ல."

மேலாளரின் முகம் மலர்ந்தது. நம் நிர்வாகம் மெத்தனமானது என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அன்று மாலைக்குள் பன்னிரண்டாம் எண் வண்டியில் பலூன் கட்டியாயிற்று.