நாடியைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனது

மயிலாப்பூர்,
12-8-1934

மகா கனம் பொருந்திய பத்திராசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ரகுபதி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் க்ஷேமம். அதற்குத் தாங்களே காரணம் என்பதால் இதை முழுவதும் பிரசுரிக்கக் கோருகிறேன்.

சென்ற இதழில் 'மூப்பும் மரணமும் ஏன்?' என்ற கட்டுரையில், உயிரணுக்கள் தேய்வதையும் ரத்தக் குழாய்கள் கெட்டிப்படுவதையும் விளக்கிவிட்டு, எலியின் இருதயம் படபடவென்று அடித்துச் சீக்கிரம் ஓய்கிறது, யானையினுடையது நிதானமாக அடித்து நெடுநாள் உழைக்கிறது, எந்தப் பிராணிக்கும் மொத்தத் துடிப்பு ஏறக்குறைய ஒன்றே என்று ஒரு சாரார் கருதுவதாக எழுதியிருந்தீர்கள். 'ஒரு சாரார்' என்பதை நான் கவனிக்கவில்லை. அறுபத்திரண்டு வயதுக்குள் கோபத்திலேயே பாதித் துடிப்பைத் தொலைத்தவன் நான். அன்று முதல் காபி இல்லை, மாடி ஏறுவதில்லை, யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை, எந்நேரமும் மணிக்கட்டில் மூன்று விரல். என் சம்சாரம் வேலம்மா, "இன்னாங்க, கையப் புடிச்சிக்கினே குந்திக்கினு கீறீங்க? போய் சம்பந்திகிட்ட மன்னிப்பு கேட்டு பொண்ண இட்டுக்கினு வாங்க" என்றாள். சரி என்றேன். மறுத்தால் துடிப்பு கூடும்.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் கல்யாணப் பந்தியில் சம்பந்தி தேசப்பனுக்கு வடை விட்டுப்போயிற்று. அவர் கேட்க, "உமக்குப் பல் ஏது?" என்று நான் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என் மகள் கோவிந்தம்மாவைத் தலைப்பிரசவத்துக்குக்கூட அனுப்பவில்லை. பேத்தி முகம் நான் பார்த்ததில்லை. அதை நினைத்து அழாத நாள் இல்லை.

மாம்பலம் போனேன். அவர் வாசலிலேயே நிற்கவைத்து வைதார். நான் நாடியைப் பிடித்தபடி, மெல்ல மூச்சு விட்டு, "நீங்க சொல்றது வாஸ்தவம், சம்பந்தி" என்றேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. நான் அடங்கிப்போனதை அவர் ஜன்மத்தில் கண்டதில்லை.

"இன்னா சம்பந்தி, ஒடம்பு எப்டி கீது? இன்னும் எத்தினி நாளாம்?"

"அது யாருக்குத் தெரியும்?" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "கோவிந்தம்மா, கொயந்தையத் தூக்கிக்கினு கெளம்பு. ஒன் நைனா கீற வரைக்கும் கூடவே இரு" என்றார்.

இப்போது பேத்தி என் தோளில் உட்கார்ந்து மாடி ஏறச் சொல்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறுகிறேன். துடிப்பு போனால் போகட்டும். தங்கள் இருதயம் யானையைப் போல் நிதானமாக அடித்து, தாங்கள் நூறாண்டு இருக்கக் கபாலீசுவரரை வேண்டும்,

நன்றி மறவாத
ரகுபதி

பி.கு.: இதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். சம்பந்தியும் தங்கள் சந்தாதாராம். கட்டுரை படிக்கமாட்டார், வாசகர் கடிதம் ஒன்றுகூட விடமாட்டார் என்று மகள் இப்போதுதான் சொன்னாள். நான் சாகப்போகிறேன் என்று அவர் நம்புகிறவரைதான் குழந்தை என்னிடம் இருப்பாள்.