கட்டிலுக்கு ரிப்பேர்

மாடிப்படித் திருப்பத்தில் பிரிட்ஜ் சிக்கிக்கொண்டது. மேலே ஆதிகேசவன், கீழே எதிர்வீட்டு நாகேஷ்.

"கதவைக் கழட்டியிருக்கணும் சார்," என்றான் நாகேஷ்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

ஆதிகேசவனுக்குப் பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசர் வேலை. மகள் ஷில்பாவுக்கு சர்க்கார் யுனிவர்சிட்டியில் சீட்டு கிடைத்திருந்தது. சர்க்கார் படிப்புக்குச் செலவில்லை என்று சொன்னவன் பிள்ளை பெறாதவனாக இருக்கவேண்டும். இந்த வருஷம் பீஸ் இரண்டு மடங்கு. வருமானம் குறைவு என்று சர்டிபிகேட் கொடுத்தால் பாதி கட்டினால் போதும். அதற்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். வந்து பார்த்தால் ஏழை வீடு மாதிரி இல்லை. அதுதான் தொல்லை.

ஒருவழியாக பிரிட்ஜ் நாகேஷ் வீட்டுக்குக் குடிபோனது.

போன பிறகுதான் தெரிந்தது, அது நின்ற இடத்துச் சுவர் மட்டும் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. மறைக்க பீரோவை நகர்த்தினார். இப்போது வீடு இன்னும் வசதியாகத் தெரிந்தது. பீரோவும் போனது. வெறும் அறையில் கட்டில் அரண்மனைக் கட்டிலாகத் தெரிந்தது. அதுவும் போனது.

கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் சுந்தரம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ரிப்பேருக்குப் போகிறது என்றார் ஆதிகேசவன். உண்மையைச் சொன்னால் அவர்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

"கட்டிலுக்கு என்னாய்யா ரிப்பேர்?"

பதிலுக்கு ஓனர் நிற்கவில்லை. சொல்லாமல் காலி பண்ணப் பார்க்கிறான் என்று முடிவுகட்டி, கேட்டில் 'டு லெட்' போர்டை மாட்டிவிட்டார்.

"ஏங்க, போர்டு தொங்குது," என்று யசோதா மூச்சிரைக்க வந்தாள்.

"தொங்கட்டும். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பேசிக்கறேன்."

சொல்லி வாயை மூடவில்லை, இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழும் பேசினார். ஷில்பா கிழிந்த பாயில் போனை ஒளித்து உட்கார்ந்திருந்தாள். ஆதிகேசவன் கூரை ஒழுகுவதைக் காட்டினார். எலி வருவதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். வாடகை கேட்டபோது ஆதிகேசவன் பாதியாகக் குறைத்துச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டார். யசோதா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சர்டிபிகேட் ஆயிடுச்சு ஸ்வாமி," என்றார் பேனாவை மூடிக்கொண்டே. "கீழே போர்டு பார்த்தேன். நீங்க எப்போ காலி பண்றீங்க? என் மகனுக்கும் அதே யுனிவர்சிட்டிலதான் சீட்டு. கவர்மென்ட் உத்தியோகம் பார்க்கிற எனக்கு இந்த சர்டிபிகேட்டை எவன் தருவான்? பீஸ் கட்ட நான் இந்த மாதிரி கம்மி வாடகை வீட்டுக்குத்தான் மாறணும்."