நாலு மில்லிமீட்டர்

கதவின் கீழ் மூலை நாலு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மணி ஒன்பது. பத்தரைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

"கதவு பல்லைக் காட்டுது மேடம்," என்றான் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதுபவன்.

"காட்டட்டும். வாயை மூட வைக்கிறேன்," என்றாள் அவள்.

தொழிற்சாலையில் அவளுக்கு 'மில்லிமீட்டர் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். காரின் வெற்று இரும்புக் கூட்டில் கதவு மாட்டும் ரோபோவுக்கு, வண்டி ரகம் மாறும்போதெல்லாம் கையைக் கழற்றி வேறு கை மாட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லா ரகத்துக்கும் வளைந்து கொடுக்கும் ஒரே கையை அவள் வடிவமைத்திருந்தாள். ஆறு ரப்பர் விரல்கள். உள்ளங்கையில், காற்றை உறிஞ்சிக் கதவைக் கவ்விக்கொள்ளும் நாலு கிண்ணங்கள். இன்று அது சொதப்பினால், பழைய கைகளையே வாங்கிக்கொள்வதாக மேலிடம் சொல்லியிருந்தது.

"விரல் ரொம்ப இறுக்குது. அதான் கதவு கோணுது. கொஞ்சம் தளர்த்து."

தளர்த்தினான். ரோபோ கதவைத் தூக்கியது. பாதி வழியில் கதவு சாவகாசமாக வழுக்கி இறங்கி, கீழே விரித்திருந்த ரப்பர் பாயில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்ப நாலு மில்லி இல்ல மேடம். ஒரு மீட்டர்."

"வாயைக் கொஞ்சம் மூடு. உறிஞ்சுறதைக் கூட்டு."

கூட்டினான். இந்த முறை கதவு வழுக்கவில்லை. ஆனால் கூட்டில் வைத்து, கீல் போல்ட்டை முடுக்கிய பிறகும் கை விடுவதாக இல்லை. பின்வாங்கிய ரோபோ, கதவோடு சேர்த்துக் கார் கூட்டையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு கிளம்பியது.

"விடச் சொல்லுப்பா!"

"சொல்லிட்டேன் மேடம். அதுக்குப் பிடிச்சுப்போச்சு போல."

அந்த நேரம் பார்த்து மேனேஜர், ரோபோவைச் சுற்றியிருந்த கம்பி வலைக்கு வெளியே வந்து நின்றார். "எப்படிம்மா போகுது?"

"ஜோராப் போகுது சார்."

பொய்யில்லை. கூடு போய்க்கொண்டுதான் இருந்தது.

சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தினார்கள். ஆறு பேர் தோள் கொடுத்துக் கூட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். அளந்து பார்த்தால் நாலு, ஏழாகியிருந்தது. மணி பத்து.

வேறு யாராவது என்றால் உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"நாம வளைஞ்சு கொடுத்தது போதும். இனி கதவு வளையட்டும். கீழ் ரெண்டு விரலுக்கும் முழு அழுத்தம் குடு."

"தாங்குமா மேடம்?"

"நான் செஞ்ச கை. தாங்கும்."

விரல்கள் கதவின் மூலையில் அழுந்தின. இரும்பு முனகியது. புரோகிராமர் கண்ணை மூடிக்கொண்டான். டொக் என்று ஒரு சத்தம். இடைவெளி அளக்கும் தகட்டை அவள் கதவைச் சுற்றி ஓட்டினாள். துருத்தல் போயிருந்தது. மேலும் கீழும் ஒரே இடைவெளி. அச்சில் வார்த்த மாதிரி!

பத்தரைக்கு வந்தவர்கள் முன்னால், கழற்றி வைத்திருந்த அதே கதவை ரோபோ பூப்போலத் தூக்கியது, அலுங்காமல் வைத்தது, மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டது. வந்தவர்களில் பெரியவர் கதவு விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இருபது வருஷமா பாக்குறேன். இப்படி ஒரு பொருத்தத்தை எங்கயும் பாத்ததில்ல," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். அவள் தலை நிமிர்ந்து நின்றாள்.

கைதட்டல் ஓய்ந்த நேரத்தில், பின்னாலிருந்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் பீப்பீ என்று கத்திக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"மேடம், நேத்து கதவு மாறி வந்துடுச்சு. இந்த வண்டியோட கதவு இதுதான். எங்க இறக்கட்டும்?"